சேனாபதி வெறுங்கையோடு போன நாள்

சேனாபதி யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனாக இருந்து பட்ட அவஸ்தையைச் சொல்கிறேன். ஏணி கடன் கேட்க வந்தாலும் கையில் நாலு ஆப்பிளோடு வருவார். ஏணியைத் திருப்பிக் கொடுக்க வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம். எனக்குச் சர்க்கரை வியாதி என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். "வீட்ல இருக்கட்டும் வெங்கட், யாராவது வருவாங்க" என்பார். எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? அவர்தான் வருவார், மறுபடியும் ஆப்பிளோடு.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்ஸியில், வெஸ்ட் வின்ட்சரில். அவருக்கு மாநில அரசாங்கத்தில் பாலங்களைச் சோதிக்கும் வேலை. மாயவரத்துக்காரர். மனைவி அபயாம்பாளுக்கும் அதே ஊர். ஒரே பெண் மாளவிகா, இங்கேயே பிறந்தவள். அவருடைய கார் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் நீல டின் பட்டர் குக்கீஸ் எப்போதும் இருக்கும். திடீரென்று யார் வீட்டுக்காவது போக நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனை.

இப்போது இருக்கும் வீட்டை வாங்குவதற்கு முன்னால் அதை ஓப்பன் ஹவுஸில் பார்க்கப் போனபோதும் வாழைப்பழம் கொண்டுபோனார். வீட்டுக்காரர்கள் இல்லை, ஏஜென்ட் அம்மாள் மட்டும் நின்றிருந்தாள். வீடு பார்க்க வந்து பழம் கொடுத்த ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. இது ஏதாவது வாஸ்து சமாச்சாரமா என்று கேட்டிருக்கிறாள். ஒரு வீட்டுக்கு வருகிறோம் இல்லையா, அதனால்தான் என்று இவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். அவள் ஒன்றை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே பேஸ்மென்டைச் சுற்றிக் காட்டினாளாம். அந்த வீடு இவருக்கே அமைந்தது. பழத்தால் அமைந்தது என்று இன்றைக்கும் நம்புகிறார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன், இந்த ஊரில் இதற்கெல்லாம் என்ன அவசியம் என்று.

"ஒருத்தர் வாசல்ல கையை வீசிக்கிட்டுப் போய் நிக்கிறது இருக்கே, அது 'நீ எனக்கு ஒரு ஆளே இல்ல'ன்னு சொல்ற மாதிரி வெங்கட்" என்றார். "வாயால சொன்னாக்கூட மன்னிச்சுடலாம்."

இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

மாளவிகா படித்து முடித்து ஹோபோக்கனில் தங்கி ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி. வேலை வேலை என்று ஓடுகிறவள். போன வசந்தத்தில் ஒருநாள் சேனாபதியின் ஃபோனில் 'டிங்' என்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் கேலண்டரில் ஓர் அழைப்பு. மாளவிகாவுக்கும் கானர் என்கிற பையனுக்கும் நிச்சயதார்த்த விருந்து, இன்ன தேதி, இன்ன ரெஸ்டாரன்ட். கீழே மூன்று பொத்தான்கள்: வருகிறேன், வரவில்லை, பார்க்கலாம்.

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் உலகத்தில் முக்கியமான விஷயம் எல்லாமே கேலண்டரில்தான் வரும். கானரைப் பற்றி அம்மாவிடம் ஜாடைமாடையாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா அப்பாவிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அபயாம்பாள் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தாள். அந்த நல்ல நேரம் வருவதற்குள் 'டிங்' வந்துவிட்டது. அண்ணன் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதற்கென்றே ஃபிளைட் பிடித்து டெக்ஸாஸ் வரை தட்டோடு போய் வந்த மனுஷன் இவர். சொந்தப் பெண் நிச்சயதார்த்தம் ஃபோனில் வந்து விழுந்தது. 'வரவில்லை' பொத்தானை அழுத்தினார். அதோடு மகளோடு பேச்சு நின்றது.

பையன் வெள்ளைக்காரன் என்பதால் இவ்வளவு கோபம் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது முழு உண்மை என்று தோன்றவில்லை. கொஞ்சம் உண்மை. மாயவரத்துப் பையனே ஆனாலும் அந்த 'டிங்' வந்திருந்தால் இதே கதிதான்.

கோடை போயிற்று, இலை உதிர்ந்தது, பனி கொட்டியது. மாளவிகா ஃபோன் பண்ணினால் இவர் கராஜுக்குப் போய்விடுவார். கல்யாணம் ஜூன் மாதம் என்று முடிவாகிவிட்டது. அப்பா வருவதாக இருந்தால் மண்டபம், மேளம், ஊரைக் கூட்டி எல்லாம். வராவிட்டால் டவுன் ஹாலில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று மகள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா இல்லாத மண்டபத்தில் தன்னால் நிற்க முடியாது என்றாளாம். இதை அபயாம்பாள் எங்கள் வீட்டு கிச்சனில் நின்று சொன்னபோது அழவில்லை. ஆனால் என் மனைவி கொடுத்த காபியைக் குடிக்கவும் இல்லை.

இந்த நிலைமையில்தான் கானருடைய அம்மா ஒரு யோசனை சொன்னாள். அவள் பெயர் மார்சி. எலிமென்டரி ஸ்கூலில் நர்ஸ். கணவன் எப்போதோ பிரிந்து போய்விட்டான். பையனைத் தனியாக வளர்த்தவள். நியூவர்க்கில் நடக்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்கு வருஷா வருஷம் சீசன் டிக்கெட் வாங்குகிறவள். டின்னருக்கு உட்கார்ந்தால் பேசியாக வேண்டும். ஆட்டத்துக்கு வந்தால் ஆட்டத்தைப் பார்த்தால் போதும், எல்லோரையும் அங்கே அழைத்து வா என்று மாளவிகாவிடம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். புத்திசாலி என்று நினைத்தேன். பேசாத மனிதரை உட்கார வைப்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

சேனாபதி எப்படியோ சம்மதித்தார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தாள் என்று அபயாம்பாள் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை, நானும் கூடவே வரவேண்டும்.

"நீங்க பக்கத்துல இருந்தா பாதியில எழுந்து வரமாட்டார்" என்றாள் அபயாம்பாள். எனக்கு விளையாட்டென்றால் ஆகாது. குளிர் என்றால் அதைவிட ஆகாது. ஐஸ் மேல் நடக்கும் விளையாட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுப் போவது என் தலையெழுத்து.

பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்ஃபாரத்தில் அவர்களைப் பார்த்தபோது முதலில் மங்கி கேப்தான் கண்ணில் பட்டது. கண், மூக்கு, மீசை மட்டும் தெரிய சேனாபதி நின்றிருந்தார். கைகள் இரண்டும் ஜாக்கெட் பைக்குள். பக்கத்தில் பை இல்லை, கவர் இல்லை, டின் இல்லை. பெஞ்சின் மேல் வைத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அபயாம்பாள் என் பார்வையைப் புரிந்துகொண்டாள். ரயில் ஏறியதும் அவர் ஜன்னலோரமாகத் திரும்பி உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள். "எல்லாம் எடுத்து வச்சேங்க. முறுக்கு, புடவை, வெத்தல பாக்கு, பழம். கிச்சன் கவுன்டர் மேலதான் இருக்கு. ஒரு துரும்பு எடுத்துட்டு வரக்கூடாதுன்னுட்டார்."

 பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் தாயாரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார், கையை வீசிக்கொண்டு. அந்த அம்மாளுக்கு இது புரியப் போவதில்லை. ஆனால் மாளவிகாவுக்குப் புரியும். அவளுக்குப் புரிய வேண்டும் என்றுதான் இந்த ஆள் வருகிறார். பேசாமலே திட்டுவதற்கு இப்படி ஒரு வழி வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. போதாக்குறைக்கு நானும் ஒன்றும் எடுத்துக்கொண்டு வரவில்லை. அவர் கொண்டுவருவார் என்ற தைரியத்தில் கிளம்பி வந்திருந்தேன்.

நியூவர்க் ஸ்டேஷனிலிருந்து அரங்கத்துக்கு நடக்கிற தூரம்தான். வழியெல்லாம் சிவப்புச் சட்டை போட்ட கூட்டம். வாசலில் செக்யூரிட்டிக்கு இரண்டு வரிசை. பை வைத்திருப்பவர்களுக்கு நீளமான வரிசை, இல்லாதவர்களுக்குக் குட்டி வரிசை. மலை மாதிரி ஒரு காவலாளி எங்களைப் பார்த்து, பை இல்லையா, கையில் ஒன்றும் இல்லையா, பிரமாதம், இப்படி வாருங்கள் என்று வாய் நிறையச் சிரிப்போடு உள்ளே அனுப்பினான். ஆயுசில் முதல்முறையாக வெறுங்கையோடு ஓரிடத்துக்கு வந்த சேனாபதிக்கு அமெரிக்கா கொடுத்த வரவேற்பு அது. அவர் முகத்தைப் பார்த்தேன். மங்கி கேப்பில் ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே படிக்கட்டுக்குப் பக்கத்தில் மாளவிகா காத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். முகத்தை ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் கண் கீழே இறங்கி அவர் கைகளைப் பார்த்தது. அவர் அப்போதுதான் பைக்குள்ளிருந்து கைகளை எடுத்துத் தொங்கவிட்டிருந்தார், நன்றாகத் தெரியும்படி.

"ஹாய் அப்பா" என்றாள். அவர் தலையை அசைத்தார், யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "வாங்க அங்கிள்" என்றாள். எனக்கு என் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கானர் உயரமான, சங்கோஜியான பையன். எல்லோருக்கும் வணக்கம் சொல்லப் பழகி வைத்திருந்தான். சொல்லிவிட்டு முகம் சிவந்தான். மார்சி நேர்மாறு. சிரிப்பு, சத்தம், சிவப்புச் சட்டை. எங்களை உட்கார வைத்ததும் தன் கோட்டுப் பையிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களாக எடுத்து ஆளுக்கு இரண்டு கொடுத்தாள். உறையைப் பிரித்துக் குலுக்கினால் தானாகச் சூடாகும், கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் இந்தக் குளிரை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் கொண்டுவந்தேன் என்றாள். சேனாபதியின் உள்ளங்கையில் அவளே வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

அவர் அந்தப் பொட்டலங்களைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். கொண்டுவந்தது அவள், வாங்கிக்கொண்டது இவர். கணக்கு தலைகீழாகிவிட்டது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

உட்கார்ந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடியில் அபயாம்பாள், அடுத்து சேனாபதி, நான், மாளவிகா, கானர், அந்தக் கோடியில் மார்சி. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் என்னைச் செருகிவிட்டிருந்தார்கள்.

ஆட்டம் ஆரம்பமானது. என்ன சொல்வது. பந்து என்று ஒன்று இருந்தால்தானே பார்ப்பதற்கு? 'பக்' என்று ஒரு ரப்பர் வட்டு, தோசைக் கரண்டி அகலம்கூட இல்லை, கறுப்பாக. அது எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் வேறெங்கோ இருந்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் நம்மவர்கள், வெள்ளைச் சட்டை எதிராளி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டி நாலு பேர் உள்ளே குதிக்கிறார்கள், நாலு பேர் வெளியே ஏறுகிறார்கள். ஒருவனை ஒருவன் கண்ணாடிச் சுவரில் வைத்து மோதுகிறான். அதற்கு ஜனங்கள் கைதட்டுகிறார்கள்.

சேனாபதிக்குக் கேள்விகள் முளைத்தன. எந்த இயந்திரமோ அமைப்போ கண்ணில் பட்டால் அது எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது. அவர் வேலையே அது. ஆனால் பதில் தெரிந்தவள் மாளவிகா. அதனால் என்னிடம் கேட்டார்.

"ஏன் விசில் அடிச்சு நிறுத்திட்டாங்க, கேளுங்க."

நான் மாளவிகாவிடம் கேட்டேன். அவள் இங்கிலீஷில் எனக்குச் சொன்னாள், அப்பாவுக்குக் கேட்கும்படியாக. அது எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியை நான் தமிழில் அவரிடம் சொன்னேன், அவர் ஏற்கனவே முழுசாகக் கேட்டுவிட்டிருந்தும். ஒரு முழங்கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் இந்தத் தபால் வேலையை, மூன்று பகுதி ஆட்டத்தில் முதல் பகுதி முழுக்கப் பார்த்தேன். எனக்குத் தொண்டை வறண்டுபோனது.

இரண்டாம் பகுதியில் சண்டை வந்தது. ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் கையுறைகளைக் கழற்றி ஐஸ் மேல் போட்டுவிட்டு ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக் குத்திக்கொண்டார்கள். நடுவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பேரும் களைத்து விழுந்த பிறகுதான் விலக்கிவிட்டார்கள். அப்புறம் இருவரையும் ஓரத்தில் தனித்தனிக் கூண்டு மாதிரி இருந்த அடைப்புகளில் உட்கார வைத்தார்கள்.

"என்ன தண்டனை, கேளுங்க" என்றார்.

கேட்டேன். "அஞ்சு நிமிஷமாம். அப்புறம் வெளிய வந்து ஆடலாமாம்" என்றேன்.

"அஞ்சு நிமிஷந்தானா?"

"அஞ்சு நிமிஷந்தான் அப்பா" என்றாள் மாளவிகா, என்னைத் தாண்டி, தமிழில்.

 அவர் அந்தக் கூண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து கதவு திறந்ததும் இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காததுபோல் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் கழுத்து அவர்கள் கூடவே போயிற்று.

அதற்குக் கொஞ்ச நேரத்தில்தான் அது நடந்தது. யாரோ அடித்த வட்டு இன்னொருவன் மட்டையில் பட்டு மேலே எழும்பிக் கண்ணாடிச் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். படியில் 'டப்' என்று விழுந்து, துள்ளி, ஒரு நாற்காலிக் காலில் மோதி, உருண்டு வந்து சேனாபதியின் ஷூவில் முட்டி நின்றது. யாருடைய டப்பா மூடியோ விழுந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து எடுத்தார். எடுத்து, யாருடையது என்று கேட்பதற்காகத் தூக்கிக் காட்டினார். சுற்றி இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் முதுகில் தட்டினார்.

"சில்லுனு இருக்கு" என்றார் என்னிடம், திகைப்போடு. ஆட்டத்துக்கு முன்னால் ஃப்ரீசரில் வைத்து எடுப்பார்கள், இப்போது அது உங்களுக்குத்தான் என்று கானர் சொன்னான். மார்சி அந்தக் கோடியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினாள். காலேஜ் நாளிலிருந்து இந்த டீமின் ஆட்டங்களுக்குப் போகிறேன், ஒரு தடவைகூட எனக்கு ஒன்று கிடைத்ததில்லை, இவர் வந்த முதல் நாளே வாங்கிவிட்டாரே என்று அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

சேனாபதிக்கும் கேட்டது. வட்டை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆட்டத்தையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பகுதி முடிந்து இடைவேளை விட்டதும் மங்கி கேப்பைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். வழுக்கைத் தலையைத் தடவிவிட்டுக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து வட்டை இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்தார். எழுந்தார். என் முழங்காலைத் தாண்டி, மகள் முழங்காலைத் தாண்டி, கானரைத் தாண்டிப் போய் மார்சிக்கு முன்னால் நின்றார். வட்டை வலது உள்ளங்கையில் வைத்து, இடது கையால் வலது கையைத் தாங்கி, கொஞ்சம் குனிந்து நீட்டினார்.

"ஃபார் யூ. ப்ளீஸ்" என்றார்.

அபயாம்பாள் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, தட்டு இல்லை. ஆனால் அந்தக் கையை எங்கே பார்த்தாலும் எங்களுக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் கை அது. மார்சி எழுந்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, அவரைக் கட்டிப்பிடித்தாள். அவர் விறைப்பாக நின்றார். ஆனாலும் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது காது மடல் சிவந்திருந்தது.

எல்லாம் முடிந்தது, இனி காபி வாங்கப் போகலாம் என்று நான் எழப் போனேன். அப்போதுதான் மார்சி கெடுத்தாள்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண். முழங்கால் வரை தொங்கும் சிவப்புச் சட்டை, முன்பல் இல்லை. வட்டு வந்து விழுந்ததிலிருந்தே அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்சி அதைக் கவனித்துவிட்டாள். ஸ்கூல் நர்ஸ் இல்லையா. படியிறங்கிப் போய், மண்டியிட்டு, வட்டைக் குழந்தையின் கையில் வைத்துவிட்டாள். குழந்தை குதித்தது. சுற்றி எல்லோரும் உருகிப்போய்க் கைதட்டினார்கள். மார்சி பெருமையாகத் திரும்பி சேனாபதியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

சேனாபதியின் முகத்தை அப்போது மங்கி கேப் மறைக்கவில்லை. அதை நான் பார்த்திருக்க வேண்டாம். தான் நீட்டிய தட்டை, வாங்கிய கையோடு தெருவில் போகிற யாருக்கோ கொடுத்துவிட்டதைப் பார்த்த முகம் அது. அவருக்கு ஒரே அர்த்தம்தான்: உன் சம்பந்தம் வேண்டாம்.

"வெங்கட், கெளம்பலாம்" என்றார்.

"இன்னும் ஒரு பகுதி இருக்கே" என்றேன். வேறென்ன சொல்வது?

"நீங்க இருந்து பாருங்க. அபயம், எழுந்திரு."

அபயாம்பாள் எழுந்திருக்கவில்லை. மங்கி கேப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர் எழுந்து நின்றுவிட்டார். மாளவிகாவும் எழுந்தாள். நடுவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், தலைக்கு மேல் இரண்டு பேர்.

"அப்பா, என்ன ஆச்சு? எங்க போறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார், பழக்கதோஷத்தில். நான் குனிந்துகொண்டேன். இனி தபால் கிடையாது என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன்.

"அவங்க தப்பா ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள். தடுமாறித் தடுமாறி, பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக. "இங்க எல்லாரும் அப்படித்தான். பக் கிடைச்சா சின்ன கிட்ஸுக்குக் குடுப்பாங்க. அதுதான் நைஸ்னு. அவங்களுக்கே எவ்ளோ ஆசை தெரியுமா? இருந்தும் குடுத்தாங்க."

"குழந்தைக்குக் குடுக்கணும்னா எனக்குக் குடுக்கத் தெரியாதா?" குரல் உயர்ந்துவிட்டது. பத்து மாதத்துக்குப் பிறகு மகளிடம் பேசுகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. "நான் குழந்தைக்கா குடுத்தேன்?"

"அப்ப யாருக்குக் குடுத்தீங்க?"

"அவங்களுக்குத்தான் குடுத்தேன்."

"அவங்கன்னா? கானர் அம்மாவுக்கா? அவங்க யாரு உங்களுக்கு?"

கெட்டிக்காரி என்று சொன்னேன் இல்லையா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் விடவில்லை.  கீழே ஐஸைச் சுத்தம் செய்கிற வண்டி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சேனாபதி சொன்னார்.

"சம்பந்திக்குக் குடுத்தேன்."

அபயாம்பாள் புடவைத் தலைப்பைத் தேடினாள். மேலே கோட்டு இருந்ததால் கிடைக்கவில்லை. மங்கி கேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

 கானர் மாளவிகாவின் முழங்கையைத் தொட்டு, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டான். அவள் இங்கிலீஷில் ஆரம்பித்து நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். சம்பந்தி என்பதற்கு அந்த பாஷையில் வார்த்தை இல்லை. கடைசியில், உன் அம்மாவை என் அப்பா சொந்தக்காரராக ஆக்கிக்கொண்டார், அதற்கான பொருள்தான் அந்த வட்டு என்று சொன்னாள்.

இதற்குள் மார்சி மேலே ஏறி வந்துவிட்டாள். கானர் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாளின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே திரும்பி, குழந்தையிடம் போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்று படியில் கால் வைத்தாள்.

"நோ நோ" என்றார் சேனாபதி. பிறகு மகளைப் பார்த்து, தமிழில், வேகமாக: "வேணாம்னு சொல்லு. குடுத்தது குடுத்ததுதான். குழந்தை கையிலேர்ந்து பிடுங்கக் கூடாது. தட்டுன்னா ரப்பரையா வச்சுக் குடுப்பாங்க? நாங்க ஒரு நாள் பார்த்து வீட்டுக்கே வந்து ஒழுங்கா குடுக்கிறோம்னு சொல்லு. எங்க இருக்கு அவங்க வீடு?"

"கிளார்க்" என்றாள் மாளவிகா.

"கிளார்க்கா? பக்கந்தான். நேர்ல வந்து கூப்பிடுவோம்னு சொல்லு. ஃபோன்ல இல்ல, நேர்ல." அந்தக் கடைசி வார்த்தைகளைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். மாளவிகா தலையைக் குனிந்துகொண்டு, "சாரிப்பா" என்றாள். அவர் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் பகுதிக்கு விளக்குகள் மாறின. ஜனங்கள் காபியும் பாப்கார்னுமாக வந்து உட்கார்ந்தார்கள். சேனாபதி மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் என் பக்கம் சாய்ந்தார். என்னமோ கேட்க வாயெடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

"அங்கிள், கொஞ்சம் இந்தப் பக்கம் உக்காந்துக்கறீங்களா?" என்று மாளவிகா கேட்பதற்கும் நான் எழுவதற்கும் சரியாக இருந்தது. இடம் மாறிக்கொண்டோம். என்னுடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். கையுறை போட்டுக்கொண்டு வரவில்லை. மார்சி கொடுத்த பொட்டலங்களையும் கானரிடம் கொடுத்திருந்தாள்.

சேனாபதி அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அந்தக் கூண்டுல இப்ப யாரும் இல்லையே?"

"இல்லப்பா. எல்லாரும் வெளிய வந்தாச்சு."

கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு ஜாக்கெட் பைக்குள் கை விட்டு, அந்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்தார். இன்னும் சூடாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"கைய நீட்டு" என்றார். "இவ்ளோ குளிர்ல வெறுங்கையோட வந்திருக்க."